கை படாத பருப்புச் சோறு

வலது கையில் பால் பாக்கெட் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டுதான் வேல்விழி அரிசி களைவாள். பச்சரிசி, அதில் பாதி பாசிப்பருப்பு, ஒரு துண்டு பரங்கிக்காய், முருங்கைக்கீரை. கீரை ஆய்வது புருஷன் செல்லச்சாமி. லோடு ஏற்றுகிற ஆள் கையில் வெடிமருந்து ஒட்டாது என்பது அவள் கணக்கு. மிளகாய் கிடையாது, சீரகம், கொஞ்சம் நெய். குக்கரில் குழைய விட்டு, மத்தால் கடைந்து, ஊதி ஊதி ஆற வைத்து ஸ்பூனால் ஊட்டுவாள். சாப்பிடுவது மகள் ஓவியா. இன்னும் இரண்டு வயது நிறையவில்லை.

அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேல்விழிக்கு வெடிமருந்து நிரப்பும் வேலை. கை சாம்பல் பூத்து மினுங்கும். தேங்காயெண்ணெய், சீயக்காய், செங்கல் பொடி எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியாயிற்றே என்று, "பிள்ளைக்குக் கையால பிசைஞ்சு குடேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். சண்டைக்கே வந்துவிட்டாள்.

"சோப்புத்தான் தேயுதுக்கா. இது நகக்கண்ணுக்குள்ள போயி உக்காந்துக்கிருது. அதைப் பிள்ள வயித்துக்குள்ள தள்ளச் சொல்றீகளா?"

குழந்தை ஆசையாக விரலைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். "ச்சீ! அம்மா கை ச்சீ!" பெற்றவள் தன் கையையே இப்படிச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா? "தீவாளி முடியட்டும்க்கா. கம்பெனிய மூடிருவாக. கை வெளுத்துரும். எங் கையால உருட்டி உருட்டிக் குடுக்கேன், பாருங்க" என்பாள்.

தீபாவளிக்கு நாடே வெடித்துத் தீர்த்தது. கம்பெனியை மூடினார்கள். வேல்விழி தினமும் வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளர வளர நகத்தை ஒட்ட வெட்டினாள். மறுபடி வேலைக்குக் கூப்பிட்ட பிறகு, போவதற்கு முந்தின நாள் காலையில் என்னைக் கூவி அழைத்தாள்.

"இங்கன வாங்கக்கா!"

கை வெளுத்துத்தான் இருந்தது. கவர் மாட்டாமல் களைந்து குழைய வைத்திருந்தாள். விரலால் பிசைந்து தட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன உருண்டையாக வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து நீட்டினாள்.

ஓவியா உருண்டையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

"ம்மா கை ச்சீ."

"இல்லடி தங்கம், அம்மா களுவிட்டேன், பாரு..."

இரண்டாவது தடவை நீட்டியதை ஓவியா தட்டிவிட்டது.

வேல்விழி எழுந்துபோய் ஸ்பூனை எடுத்துவந்தாள். குழந்தை ஆவென்று வாயைத் திறந்தது. ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டிக்கொண்டே, இடையிடையே தட்டோரத்து உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.