ஒரு போத்தில் ஏரித் தண்ணீர்

இன்று காலை குசினியில் தேத்தண்ணி போட்டேன், பால் திரைந்துபோனது. எங்கள் தீவில், புளியங்கூடல் கிணற்றின் உவர் அப்படி. கல்யாணம் கட்டி இத்தாலிக்குப் போனபிறகு இப்போதுதான் முதல்முறை வந்திருக்கிறேன். கிணறு மாறவில்லை.

திரைந்த பாலைப் பார்த்ததும் இத்தாலியில் பார்த்த ஏரிக்கரைப் பட்டினம் ஞாபகம் வந்தது. நான் போன புதிதில் இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். பழைய மணிக்கூட்டுக் கோபுரம், கல் பதித்த ஒழுங்கைகள், சுற்றிவர மலை. எல்லாரும் அண்ணாந்து பார்க்க, நான் குனிந்து ஏரித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தேன். தீவுக்காரிக்கு வேறென்ன புத்தி வரும்!

"இஞ்சேருங்கோ, உப்பே இல்லை!"

"விசரே உமக்கு? ஆக்கள் பாக்கினம்," என்றார்.

அங்கே நின்றே அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். ஊரில் ஒழுங்கை முனையில், தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற மனுசி வாயைப் பிளந்துவிட்டார்.

"முழுக்க நல்ல தண்ணியோ? வரேக்க ஒரு போத்தில் கொண்டுவா பிள்ளை. தேத்தண்ணி போட்டுப் பாப்பம்."

நிரப்பிக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக்கு மேல் வைத்தேன். வதிவிட அட்டை கிடைக்காமல் இத்தாலியை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர ஏலாது என்பது பிறகுதான் விளங்கியது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இரண்டு வருடம் போனது. இவர் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டாலும் நான் போகவில்லை. அந்த மலைகள் நாலு பக்கமும் மறித்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

அம்மா நோய் வந்து பாயில் விழுந்தார்.

"எப்ப பிள்ளை வருவாய்?"

"அட்டை வரட்டும் அம்மா."

"கண்டறியாத அட்டை!"

இவரிடம் கேட்டேன். "போனால் நீர் அங்க, நான் இஞ்ச. யோசியும்," என்றார். யோசித்தேன். போகவில்லை. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பெட்டி மூடும்போது படம் நின்றுவிட்டது.

அடுத்த மாதம் அட்டை வந்தது. சூட்கேசில் வைத்தால் ஒழுகும் என்று போத்திலைக் கைப்பையில் வைத்தேன். விமான நிலையத்தில் சோதித்தவள் எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். என்னைப் போக விட்டார்கள், தண்ணீரை விடவில்லை. அம்மா செத்ததற்கு அங்கேதான் குந்தியிருந்து அழுதேன்.

திரைந்த தேத்தண்ணியைக் குடிக்கையில் பவுசரின் சத்தம் கேட்டது. அம்மாவின் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது நிற்காமல் போனது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

தூரத்தில் நிறுத்தி, சாரதி எட்டிப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை நீர்? அந்த அம்மா போனாப்பிறகு இந்த ஒழுங்கையில குடம் வைக்க ஆளில்லை. அதுதான் நான் நிக்கிறேல்லை."