படகில் ஏறிய பிரேக் சார்

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவதுதான் என் தொழில். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்று கௌரவமாகவும் சொல்லலாம். எங்கள் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிப்பவர் தப்புச் செய்தால் மிதிப்பேன். செய்யப்போகிறார் என்று தோன்றினாலும் மிதிப்பேன். அதனால் மாணவர்கள் எனக்கு 'பிரேக் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அலுவலகத்தில் வகுப்பு நேரம் எழுதிப்போடும் பெண்ணே பலகையில் அப்படி எழுத ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனை வருடம் மிதித்துப் பழகிய கால் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் கார் ஓட்டினால் எனக்குப் பின்சீட்டுதான். முன்சீட்டில் மளிகைப் பை உட்கார்ந்து வரும். ஒருநாள் காரணம் கேட்டேன். பை வாயைத் திறக்காது என்றாள்.

எங்களுக்கு ஒரே மகள். பதினாலு வயதில், கூடப் படிக்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டப் போனாள். அந்தத் தோழி பல் டாக்டர் மகள். ஒல்லியாக, எப்போதும் துருதுருவென்று இருப்பதால் எல்லோருக்கும் அவள் 'குருவி'. ஊரை ஒட்டிய ஏரியில் ஒரு படகு கிளப் இருந்தது. பிள்ளைகள் பந்தயம் விடுவதற்கென்றே செய்த சின்னப் படகுகள் அங்கே வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு படகில் இரண்டு பேர். பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வார். முன்னால் இருப்பவர் சின்னப் பாயின் கயிற்றைப் பிடித்தபடி, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தாவித் தாவி உட்காருவார். என் மகள் பின்னால், குருவி முன்னால்.

ஒரே மாதத்தில் நான் பாய்மரப் படகைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டேன், படகில் ஏறுவதைத் தவிர. வீடியோக்கள் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் கரண்டியை மிதவையாகவும் உப்புக் கிண்ணத்தைப் படகாகவும் வைத்து மகளுக்குக் காற்றின் திசையை விளக்கினேன். அவள் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறைப் பலகையின் நுனியில் நின்று, "திருப்பு, திருப்பு, பாயை இழு" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவர்களின் கோச் பொறுமைசாலி. வெயிலில் கறுத்து, கயிறு மாதிரி முறுக்கேறிய பெண்மணி. ஒருநாள் பக்கத்தில் வந்து, காற்று ஏரியிலிருந்து கரைக்கு அடிக்கிறது, நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது என்றார். பிறகு, கேண்டீன் பெஞ்சில் நிழல் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். நான் புத்திசாலி என்பதால் அது அழைப்பு இல்லை, வெளியேற்றம் என்று இரண்டு வாரத்திலேயே புரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் குருவி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஏரியில் இல்லை, வீட்டுக் குளியலறையில். கையில் மாவுக்கட்டு. என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினாள். கோச் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: மாதம் ஒருமுறை பெற்றோரும் பிள்ளையுமாகச் சேர்ந்து ஓட்டும் பந்தயம் உண்டு, அதே படகுதான், பிள்ளை பின்னால், பெற்றவர் முன்னால். குருவியின் கை சரியாகும்வரை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கும்.

மகள் முதலில் அம்மாவிடம்தான் கேட்டாள். அம்மாவுக்கு ஊஞ்சல் ஆடினாலே குமட்டும். அதோடு அந்த ஞாயிறு டியூட்டி வேறு. பிறகு அவள் என் பக்கம் திரும்பிய பார்வை இருக்கிறதே, ஆசைப்பட்ட பஸ் போய்விட்ட பிறகு அடுத்த பஸ்ஸைப் பார்க்கிற பார்வை.

"அப்பா, நீங்க வாங்க. ஆனா படகுல பேசக்கூடாது."

"அவசரம்னா?"

"அவசரம்னா நான் பேசுவேன்."

சம்மதித்தேன். மனசுக்குள் மட்டும், இவ்வளவு தெரிந்த ஒருவன் கூட இருந்தால் முதல் பரிசை எங்கே வைப்பது, டிவிக்கு மேலா அலமாரியிலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகைக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது. தண்ணீர் குளிரும் என்று கிளப்பில் ஒரு ரப்பர் உடை கொடுத்தார்கள். மாட்டிக்கொள்ளவே ஒரு யுகம் ஆயிற்று. வெளியே வந்தபோது ஜிப்பு வயிற்றின் மேல் இருந்தது. அது முதுகில் இருக்க வேண்டுமாம். மறுபடி உள்ளே போய்க் கழற்றி, திருப்பி மாட்டி வந்தேன். என்னைப் பார்த்த ஒரு குழந்தை தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

படகில் ஏறுவது அடுத்த அத்தியாயம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு ஒரு கால் படகில், ஒரு கால் துறையில். படகோ மெதுவாக விலகிக்கொண்டிருந்தது. மகள் என் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நான் விழுந்த இடத்தில் படகின் மூக்கு தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

பெரிய பாயின் அடியில் குறுக்காக ஓர் அலுமினியக் கம்பம் ஓடும். 'பூம்' என்று அதற்குப் பெயர். தலையில் பட்டால் வரும் சத்தமும் அதுதான். படகு திரும்பும்போதெல்லாம் அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசும். "தலை" என்பாள் மகள். நான் "என்ன?" என்று தலையைத் தூக்குவேன். உரலுக்குள் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயந்து என்ன செய்வது? மூன்றாவது அடிக்குப் பிறகு என் தலை தானாகவே குனியக் கற்றுக்கொண்டது. என்னைவிட அது வேகமாகப் படித்தது.

காற்று கொஞ்சம் கூடியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் வலது கால் படகின் தரையை ஓங்கி மிதித்தது. மிதித்த வேகத்தில் நான் சாய்கிற பக்கமே சரிந்தேன். படகு கவிழ்ந்தது. இருவரும் தண்ணீரில். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று நான் தத்துவத்தில் இறங்குவதற்குள், அவள் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகைமேல் ஏறி நின்றுவிட்டாள்.

"அப்பா, உள்பக்கம் ஓரமா படுத்துக்கோங்க. படகு எழும்போது உங்களையும் அள்ளிட்டு எழும்."

படகு எழ முயன்றது, என்னை அள்ள முடியாமல் மறுபடி படுத்துக்கொண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. யானையைப் பிடித்துப் பானைக்குள் அடைக்கிற வேலை. கடைசியில் என்னை விட்டுவிட்டுப் படகை மட்டும் நிமிர்த்தி, பின்பக்கமாக என்னை ஏற்றினாள். ஏற்றினாள் என்பது மரியாதைக்காக. கோச் மோட்டார் படகில் வந்து பின்னாலிருந்து தள்ளினார்.

பந்தய நாளில் பத்துப் பதினைந்து படகுகள் வந்திருந்தன. மற்ற பெற்றோர்கள் எல்லாம் ஒல்லியாக, சிரித்த முகமாக, ஜிப்பு முதுகில் இருக்கும்படி வந்திருந்தார்கள். சங்கு மாதிரி ஒரு ஹாரன் ஊதியதும் எல்லாப் படகுகளும் ஒரே கோட்டைத் தாண்டப் பாய்ந்தன. கடை திறந்ததும் உள்ளே முண்டியடிக்கிற கூட்டம்தான், தண்ணீரின் மேல். வலப்பக்கத்திலிருந்து ஒரு நீலப் படகு எங்களை நோக்கி வந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டாள். என்ன செய்ய வேண்டும் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? மாணவரின் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புவதுபோல, பின்னால் கையை நீட்டி அவள் கையிலிருந்த சுக்கான் கட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

விலக இருந்த படகு நேராகப் போய் நீலப் படகின் விலாவில் இடித்தது. அதில் இருந்த அப்பாவும் மகனும் எங்களைப் பார்த்தார்கள். நான் அலைமேல் பழிபோடும் பாவனையில் ஏரியைப் பார்த்தேன்.

இடித்தால் தண்டனை உண்டு. நின்ற இடத்திலேயே இரண்டு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும், வால் பிடிக்கச் சுற்றும் நாய்போல, ஏரி நடுவில் சுற்றிக்கொண்டிருந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாவது வட்டம் முடியும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்:

"உங்ககிட்ட படிக்கறவங்க எப்பப்பா தனியா ஓட்டுவாங்க?"

"லைசென்ஸ் வாங்கினப்புறம்."

"அதுவரைக்கும்?"

பேசக்கூடாது என்பது விதி. அன்றைக்கு முதன்முறையாக அது வசதியாக இருந்தது. கையில் இருந்த சின்னப் பாயின் கயிற்றை மட்டும் பார்த்தேன். இழு என்றால் இழுத்தேன், விடு என்றால் விட்டேன். அவள் பாயின் ஓரம் படபடப்பதைப் பார்த்துப் பார்த்துப் படகை அங்குலம் அங்குலமாகத் திருப்புவதை அப்போதுதான் கவனித்தேன். இந்த நுணுக்கம் எந்த வீடியோவிலும் இல்லை. இருந்திருக்கலாம், நான் அப்போது கரண்டியைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

சுற்றித் திரும்ப வேண்டிய தூரத்து மிதவையை நெருங்கும்போது ஏரியின் ஒரு மூலை கறுத்தது. காற்று. தண்ணீரைச் சுருக்கிக்கொண்டு அது எங்களை நோக்கி ஓடிவந்தது. முன்னால் போன ஒரு படகு கவிழ்ந்தது. அடுத்து இன்னொன்று. அந்த ஒல்லியான பெற்றோர்கள் எவ்வளவுதான் வெளியே சாய்ந்தாலும் காற்றுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

"அப்பா, காலைத் தரையில இருக்கற பட்டைக்குள்ள விட்டு, முழுசா வெளிய சாயுங்க."

சாய்ந்தேன். முதுகு தண்ணீரைத் தொட்டது. சாய்ந்துகொண்டிருந்த படகு ஒரு முனகலோடு நிமிர்ந்தது, பிறகு பறந்தது. என் வாழ்க்கையில் எந்த வேலைக்கும் என் எடையை யாரும் தகுதியாகக் கேட்டதில்லை. டாக்டர்கள் குற்றமாகவே பேசியிருக்கிறார்கள். இங்கே அது கம்பீரமாகக் காற்றை எதிர்த்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு படகாகத் தாண்டினோம். நீலப் படகும் கவிழ்ந்து கிடந்தது. அதன் சொந்தக்காரருக்கு மரியாதையாகத் தலையசைத்தேன். அவர் பதிலுக்கு அசைக்கவில்லை. இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார் பாவம்.

நடுவாக ஓர் இடத்தில் வந்து முடித்தோம். பரிசு எதுவும் இல்லை. கரையில் அந்த ரப்பர் உடை உடம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மகள் ஒரு கையைப் பிடித்து இழுக்க, மாவுக்கட்டுக் கையோடு வேடிக்கை பார்க்க வந்த குருவி நல்ல கையால் இன்னொரு பக்கம் இழுத்தாள். டியூட்டி முடிந்து வந்த மனைவி இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, அப்பா எப்படி என்று மகளிடம் கேட்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நல்ல வெயிட்டும்மா," என்றாள்.

இத்தனை வருட வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த தொழில்முறைச் சான்றிதழ்களில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

குருவியின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஞாயிறுகளில் அவர்கள் இருவரும் போகிறார்கள். மாதம் ஒருமுறை வரும் அந்தப் பந்தயத்துக்கு மட்டும் எனக்கு அழைப்பு உண்டு, அதுவும் நிபந்தனையோடு. பந்தயத்துக்கு முந்தின வாரம் மகள் போனில் வானிலை பார்ப்பாள். காற்று பலமாக இருக்கும் என்றால், என் தட்டில் கேட்காமலே இரண்டாம் முறையும் சோறு விழும். "நல்லா சாப்பிடுங்கப்பா" என்று உபசாரம் வேறு.

போன வாரம் அப்படித்தான் நம்பிக்கையோடு தட்டை நீட்டினேன். அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குழம்புப் பாத்திரத்தை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"காத்து கம்மியாம்ப்பா."

அந்த ஞாயிறு குருவியின் அம்மாவைக் கடன் வாங்கிக்கொண்டு போனாள். அந்த அம்மா காகிதம் மாதிரி லேசாக இருப்பார். நான் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருந்த மரத்தில் ஓர் இலையாவது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.