அடையாறு பாலமும் ஏற்காட்டு மலையும்

அடையாறு பாலத்தை நாற்பதாவது தடவையாகச் சைக்கிளில் ஏறி இறங்கியபோது, ஆற்றங்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரர் எழுந்து நின்று கேட்டார்: "இன்னா நைனா, எதுனா தொலைச்சிட்டியா? காலைலேர்ந்து தேடிக்கினு கீறே!" மலை ஏறப் பழகுகிறோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மயிலாப்பூர்க்காரனுக்கு மேடு என்றால் அந்தப் பாலம்தான். நாற்பது பாலம் சேர்ந்தால் ஒரு ஏற்காடு என்று கணக்குப் போட்ட மேதாவி நான். ஏறின ஒவ்வொரு தடவையும் சுகமாக இறங்கவும் செய்தோமே, மலை அப்படி நடுநடுவே இறக்கம் கொடுக்குமா என்று மண்டையில் உறைக்கவே இல்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடு; எனக்கு இருபத்துநாலு வயது. வாய் மட்டும் பத்து ஆளுக்கு இருந்தது.

நாங்கள் மூன்று பேர். ஆபீஸ் குமாஸ்தாவான நான், சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் டிராயிங் மாஸ்டர், அப்புறம் என் பால்ய சிநேகிதன். அவன் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தான். நாங்கள் கூப்பிடுவதும் 'கம்பவுண்டர்' என்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சில் நீர் கோத்து ஐந்து மாதம் படுத்திருந்தான். தேறிவிட்டான் என்று டாக்டரே சொல்லியும் வீட்டில் யாரும் நம்பவில்லை. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இழுக்க விடமாட்டார்கள். கூடி வந்த கல்யாணமும் பேச்சோடு நின்றுவிட்டது. "எல்லாரும் என்னைப் பாத்தா குரலைத் தாழ்த்திண்டு பேசறாடா. ஒரு மலையை ஏறிட்டு வந்து நிக்கறேன், அப்புறம் பேசட்டும்" என்று ஒரு நாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்தப் பயணமே அதற்காகத்தான்.

ஐந்து நாள் மிதித்துச் சேலம் சேர்ந்தோம். ஆறாம் நாள் காலை அடிவாரத்தில் மலையை அண்ணாந்து பார்த்த கையோடு கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்தேன். "உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்று, அவன் பிடிவாதம் தாங்காமல் சம்மதித்த அம்மா கிளம்பும்போது சொன்னது காதிலேயே இருந்தது. அவன் டயருக்குக் காற்றடிக்கும் சமயம் பார்த்து, மலைக்குப் போகும் பஸ் டிரைவரிடம் நழுவிப் போனேன். "எங்களில் ஒருத்தன் சீக்காளி. வழியில் பார்த்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று ரகசியமாகச் சொல்லிவைத்தேன். அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் அப்போது நினைப்பு.

முதல் நாலு வளைவும் நான்தான் முன்னால். பாலத்தில் செய்தது போலவே பெடலில் எழுந்து நின்று மிதித்தேன். "என்ன கம்பவுண்டர், தூங்கறியா?" என்று கேலி வேறு. ஏழாவது வளைவில் தொடை கட்டையாகிவிட்டது. இதோ இறக்கம் வரும் என்று கால் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. பாழாய்ப்போன இறக்கம் வரவே இல்லை. டிராயிங் மாஸ்டர் "சேசுவே!" என்று இறங்கித் தள்ளத் தொடங்கினார். பத்தாவது வளைவில் கண் இருட்டி, நான் கைப்பிடிச் சுவரில் மல்லாந்துவிட்டேன். கம்பவுண்டர் மட்டும் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து, அவசரமே படாமல் வந்தான். படுக்கையில் மூச்சை எண்ணி எண்ணி விட்டுப் பழகியவன் அவன். பக்கத்தில் நிறுத்தி என் வாயில் தண்ணீர் ஊற்றினான்.

டிராயிங் மாஸ்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்போதுதான் பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"சீக்காளின்னு சொன்னது உங்களைத்தானா சாமி? கூச்சப்பட்டுக்கிட்டு ஆளை மாத்திச் சொல்லிட்டீங்களாக்கும். ஏறுங்க, சைக்கிளை மேலே போட்டுக்கலாம்."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. முகம் சிவந்தது. மலை அப்படியே என்மேல் சரிந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. மல்லாந்து கிடந்த என் கோலத்தை இன்னொரு தரம் பார்த்தவன், அடக்கமாட்டாமல் சிரிக்க ஆரம்பித்தான். இரண்டு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இருமலே வரவில்லை.

"நீங்க போங்கோ. இங்கே சீக்காளி யாருமில்லை" என்று பஸ்ஸை அனுப்பிவிட்டு, "எழுந்திருடா. நாலு மிதி, ஒரு மூச்சு. என் பின்சக்கரத்தை மட்டும் பாரு" என்றான். மிச்ச மலையை அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன்.

மலை மேலே ஏரி தெரிந்த இடத்தில் அவன் சைக்கிள் மணியை அடித்த அடியில் காப்பித் தோட்டத்து ஜனமெல்லாம் வெளியே வந்துவிட்டது. தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். இன்றைக்கு என் பேரன் அதே மலையைக் காரில் தூங்கிக்கொண்டே ஏறுகிறான். இதைச் சொன்னால் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அன்றைக்கு ஏற்காட்டுத் தபாலாபீசில் கம்பவுண்டர் ஒரு கார்டு வாங்கி என்னிடம் நீட்டினான். "நான் எழுதினா அம்மா நம்பமாட்டா. நீ எழுது."

எழுதினேன்: "மாமி, உங்கள் பிள்ளை எங்கள் எல்லாருக்கும் முன்னால் மலை ஏறிவிட்டான். என்னையும் அவன்தான் ஏற்றினான்."

வாங்கிப் படித்தான். பேனாவைக் கேட்டு வாங்கி, 'எல்லாருக்கும் முன்னால்' என்பதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுத்துவிட்டுத் தபால் பெட்டியில் போட்டான்.