சைவப் புழுக்கள்

கரம்பொனில் எங்கள் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்களுக்கு மண்புழு உரம் செய்யக் காட்டித்தர வந்த விவசாயப் போதனாசிரியர், நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். துளையிட்ட பழைய வாளியில் தென்னந்தும்பும் சாணமும் பரப்பிப் புழுக்களை விட்டார். நிமிடத்துக்கொருமுறை சாணம் பட்ட தன் விரல்களை மணந்து பார்த்தார்.

“மரக்கறிக் கழிவு போடுங்கோ. மீன் கூடாது. புழு சைவம்,” என்றார்.

“எங்கட குசினிக் கழிவே மீன்தானே சேர். நாங்கள் வேதக்காரர்,” என்றேன்.

“அதுக்காகப் புழுவை வேதத்துக்கு மாத்த ஏலாது அக்கா. கொஞ்சம் கீரை சமையுங்கோ.”

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அவருக்கென்றே கீரை கடைந்திருந்தேன். அவரோ கீரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, குழம்பில் கிடந்த பாரைமீன் தலையையே பார்த்தார்.

“வாளியை மூடினீங்களோ அக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

போய் மூடிவிட்டு வந்துதான் தலையை அவருக்குப் போட்டேன்.