வெறுங்கழுத்துப் படம்

தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு ரோலர் கோஸ்டர் ஏறப் போனவள் வெள்ளவத்தையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம், அலுமாரியில் வைத்தால் கள்ளன் கொண்டுபோய்விடுவான், கழுத்தில் கிடந்தால் பத்திரம். இதுதான் என் கணக்கு. எங்கள் லேனில் எல்லாப் பெண்களுக்கும் இதே கணக்குத்தான்.

கொழும்புக்கு வெளியே இருக்கும் அந்தப் பூங்காவுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனது மகள். பரீட்சை நல்லபடி முடிந்ததற்கு அவள் கேட்டது ஒன்றுதான். நான் அவளோடு அதில் ஏற வேண்டும், இருவரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும். எங்கள் வீட்டுப் படங்களில் நான் இருப்பதில்லை. எடுப்பவள் நான்தானே. தூரத்திலேயே அந்த இரும்புத் தண்டவாளம் தென்னைகளுக்கு மேலே வளைந்து தெரிந்தது. கணவருக்குப் பிரஷர் என்பதால் எனக்குப் பதிலாக அவரை ஏற்றிவிட்டுத் தப்பவும் வழியில்லை.

ஆசனப் பட்டிகளை இழுத்துப் பார்க்கும் பெண் என் கழுத்தைக் காட்டி, "மாலய கலவன்ன அக்கே" என்று மாலையைக் கழற்றச் சொன்னாள். இது தாலி, கழற்றக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எதுவானாலும் கழற்றாமல் ஏற்றமாட்டேன் என்று அவளும் பிடிவாதமாக நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

களுபோவில ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோதுகூட, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் கொடியைக் கழற்றினேன். இங்கே மஞ்சள் கயிற்றுக்கு எங்கே போவது?

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கணவர் கையை நீட்டினார். "கழட்டித் தாரும். நான் உயிரோடதானே நிக்கிறன்."

"வாயைக் கழுவுங்கோ."

ஆனால் மகள் ஏற்கெனவே முன் ஆசனத்தில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

கடகடவென்று வண்டி மேலே ஏறியது. உச்சியில் கொஞ்சம் நின்றது. பிறகு விழுந்தோம். "முருகா" என்று கத்தத் தொடங்கியவள் எப்போது சிரிக்கத் தொடங்கினேனோ தெரியாது. கலியாணமாகி இத்தனை காலத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை. மகள் என் கையை விடவேயில்லை.

வெளியே வரும் வழியில் ஒரு பெரிய திரை. விழும்போது கமரா தானாக எடுத்த படங்களை அதில் போடுகிறார்கள். நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு, தலைமயிர் பறக்க, அதில் தெரிந்தோம். "அம்மா, சிரிக்கிறீங்கள்" என்று மகள் திரையைப் போனில் பிடித்தாள். நான் பார்த்தது என் வெறுங்கழுத்தைத்தான்.

எனக்கு முன்னால் இன்னொருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு என் பக்கத்தில் நிற்கும் பெண். திரையைப் பார்த்தார், திரும்பி என் கழுத்தைப் பார்த்தார்.

"என்ன, நீங்களும் பிள்ளையும் தனியவோ வந்தனீங்கள்?"

சாதாரணக் கேள்விதான். புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று கேட்பதுபோல என் காதில் விழுந்தது. "இல்லை இல்லை, அவர் அங்கால நிக்கிறார்" என்று இடுப்பில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றினேன். கணவர் வந்தார். இரண்டு கையிலும் ஐஸ்கிரீம், சேர்ட் பொக்கற்றுக்கு வெளியே என் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதையும் பார்த்துவிட்டு, வாறன் என்று போனார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வருகிற வெள்ளி கோயில் முழுக்க இதே கதையாகத்தான் இருக்கும். அந்த ஆத்திரத்தில் மகள் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் படத்தை அழி. அசிங்கம். ஒருத்தருக்கும் காட்டக் கூடாது."

அவள் ஐஸ்கிரீமைத் தொடவில்லை.

பஸ்ஸில் வரும்போது கொடி திரும்பவும் என் கழுத்தில் கிடந்தது. வெட்கம் மட்டும் போகவில்லை. இப்போது அது கழுத்தைப் பற்றியதல்ல, பிள்ளையிடம் அசிங்கம் என்று சொன்னதைப் பற்றியது. என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். யன்னலோரம் இருந்தவள் குனிந்து போனில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் இறங்கும் நேரம் அதை என்னிடம் நீட்டினாள்.

"அழிக்க மனம் வரேல்லை அம்மா. உங்கட கழுத்துத் தெரியாமல் வெட்டிட்டன்."

படத்தில் அவள் மட்டும் இருந்தாள். கழுத்தை வெட்டினால் முகமும் போகும்தானே. அவள் விரல்களுக்குள் என் கை மட்டும் மிஞ்சியிருந்தது.

"இப்ப நீங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். "இனி வெக்கப்படாதேங்கோ."