நன்றிப் பூசை

குடிக்காத மனிதனுக்குக் கல்லீரல் கெட்டால் ஊர் நம்பாது. என் வீட்டுக்காரர் கிறிஸ்துமஸ் ஒயினைக்கூட எனக்குத் தள்ளிவிடுகிறவர். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களோ என்னை ஓரமாக அழைத்து, குடிப்பாரா என்று கிசுகிசுத்தார்கள். ஆமாம், காப்பி குடிப்பார் என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மாற்றுக் கல்லீரல் கிடைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதிவு செய்துவிட்டு வீட்டில் காத்திருந்தோம். நான் வேலை பார்க்கும் ஸ்கூல் ஸ்ரீரங்கத்தில், அதனால் வாடகை வீடும் அங்கேதான். ஆனால் எங்கள் பங்குக்கோயில், அவர் பிறந்து வளர்ந்த பாலக்கரையில். ஞாயிறு பூசைக்குக் காவிரிப் பாலம் கடந்துதான் போக வேண்டும்.

அந்தப் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவான அன்பியத்துப் பெண்கள் பஸ் பிடித்து வந்து ஜெபமாலை சொன்னார்கள். ஒருநாள் அவர்களில் மூத்தவர், கேட்பது மட்டும் போதாது, கிடைத்துவிட்டதாகவே நம்பி முன்கூட்டியே நன்றி சொல்ல வேண்டும் என்றார். எங்கள் கோயில்களில் ஒவ்வொரு பூசைக்கும் ஒரு கருத்து உண்டு. இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பிறந்தநாளுக்காக, சுகம் கிடைத்ததற்கு நன்றியாக என்று எழுதிக் கொடுப்போம். பூசை தொடங்குமுன் மைக்கில் வாசிப்பார்கள். சுகமான பிறகு கொடுக்கிற நன்றிக் கருத்தை இப்போதே கொடுக்கச் சொன்னார் அந்த அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவரை வளைத்துப் போடுகிற வேலை இது என்றேன். ஆனால் என் வீட்டுக்காரர், "குடுத்துடலாமே" என்றார். மஞ்சள் பாரித்த கண்ணோடு ஒரு மனிதர் கேட்கும்போது என்னத்தைச் சொல்ல? மாதக் கடைசி ஞாயிறு, இரண்டாம் பூசைக்குக் கருத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்லீரல் வரவில்லை. வயிற்றில் நீர் கோத்து மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தார். தெரிந்தவர்களை அடையாளம் தெரியாமல் போனது. என்னையே நர்ஸ் என்று நினைத்து மரியாதையாகத் தண்ணீர் கேட்டார். வெளியே வராந்தாவில் போய் நின்று அழுதேன். ஆண்டவரை நம்பியவர்கள் கைவிடப்படுவதில்லை என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் புருஷனோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மத்தியானம் மட்டும் தெளிவாக இருந்தார். பூசைக் கருத்தை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு நடிக்க வராது, அவருக்கும் அது தெரியும்.

"மாத்தாதே. நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீ போய் உக்காரு."

"எதுக்குங்க நன்றி?"

மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லா இருந்த நாளுக்கெல்லாம் நாம பூசை வைக்கலையே" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டார். சனிக்கிழமை அடக்கம். கல்லறையிலேயே சாமியார் என்னைத் தனியாக அழைத்தார். மறுநாள் கருத்தை ஆன்ம இளைப்பாற்றி என்று மாற்றிவிடுவதாகவும், இல்லையென்றால் ஜனங்கள் சங்கடப்படுவார்கள் என்றும் சொன்னார். "அவர் சொன்னபடியே படிங்க ஃபாதர்" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஞாயிறு காலை, வையம்பட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஏழாம் நாள் பூசை முடியாமல் வெளியே இறங்கக் கூடாதாம். செத்தவனுக்குச் சுகம் என்று வாசித்தால் ஊர் சிரிக்குமாம். உன் அண்ணன் சொன்னது என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அவளும் கூடவே பஸ் ஏறினாள்.

கோயில் நிறைய, முந்தின நாள் அவர்மேல் மண் போட்ட அதே ஜனம். மைக்கில் அவர் பெயரை வாசித்து, பூரண உடல் நலம் பெற்றதற்கு நன்றியாக என்று வாசித்தார்கள். அன்பியத்து அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரைத் திட்ட நான் பல நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அன்றைக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பூசையின் நடுவில் ஓர் இடம் வரும். ஆண்டவருக்கு நன்றி கூறுவோம் என்று சாமியார் அழைப்பார். அது தகுதியும் நீதியும் ஆனது என்று நாங்கள் பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து யோசிக்காமல் சொல்லி வந்த பதில். அன்றைக்கு என் நாக்கு அசையவில்லை. எது தகுதி, எது நீதி? பீடத்தைப் பார்த்து மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். ஒரு கல்லீரல் உமக்குப் பெரிய விஷயமா என்று கேட்டேன். அவர் என்னை நர்ஸ் என்று கூப்பிட்டது உமக்குக் கேட்டதா என்று கேட்டேன். மனுஷர்களிடம் இப்படிப் பேசியிருந்தால் அதோடு உறவு முறிந்திருக்கும். ஆனால் எழுந்து போகவும் எனக்குத் தோன்றவில்லை. பூசை முடிகிறவரை உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் ஞாயிறுதோறும் பாலம் கடந்து போகிறேன். அந்த இடம் வரும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறேன். ஜனங்கள் எனக்கும் சேர்த்துச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். என் வாயிலிருந்து அது வருகிறவரை ஆண்டவர் காத்திருக்கட்டும். காத்திருப்பார், அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.