வாய்க்கு ஒரு பிடி கம்பு

அரூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்த என்னை உரக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க கம்புக்காரரு முனுசாமி காலையில போய்ட்டாருங்க."

என் கம்புக்காரர்தான். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

அவரோடு பழகிய உங்களில் பலர் அவர் வீட்டுக் கம்பங்கூழைக் குடித்திருப்பீர்கள். அப்பன் பாட்டன் காலத்து விதை. எண்பதுகளின் தொடக்கத்தில் வேளாண் அலுவலராக வந்த நான், வீரிய ஒட்டுக் கம்பை அவர் காட்டில் போடச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்தில் இரண்டு உழவுசால் வரிசை மட்டும் பழையது. மீதி விதையை என்ன செய்வதென்று கேட்டார். "இனி அது எதுக்குங்க?" என்றேன். கூழுக்கு இடித்துவிட்டார்கள்.

மழை ஏமாற்றிய அந்த வருடத்திலும் புதுக் கம்பு குதிர் நிறைய விளைந்தது. இல்லாத வீடுகளுக்கு அவரே அளந்து கொடுத்து, கம்புக்காரர் என்று பெயர் வாங்கினார். "நல்லத நல்லதுன்னு சொல்லணும்ங்க ஆபீசரே" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பழைய இரண்டு சாலின் கதிர்களைத் தனியாகக் கசக்கி விதைக்கு வைத்திருந்தார். மறுவருடம் அதில் முளைத்தது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கம்பின் மகரந்தம் காற்றில் பறந்து கலக்கும் என்று பரீட்சை எழுதித் தேறியவன் நான். பக்கத்துப் பக்கத்தில் போடச் சொன்னதும் நானே. பட்ட காலிலே படும் என்பார்கள், நோயும் வந்தது. கதிரில் மணிக்குப் பதில் பச்சை இலை சுருண்டு நின்றது. புதுக் கம்பும் தப்பவில்லை.

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வரப்பில் உட்கார்ந்து, "காத்துக்கு வேலி போட முடியுங்களா?" என்றார். சற்றுக் கழித்து, "நான் செத்தா வாய்க்கரிசி வேணாம், நம்ம வூட்டுக் கம்ப போடுங்கடான்னு பையங்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். இனி அவன் எங்க போவான்?" என்றார்.

"எங்கிருந்தாவது நான் கொண்டு வரேங்க" என்றேன்.

அரூரில் கேட்டேன். பாப்பாரப்பட்டிச் சந்தையில் கேட்டேன். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: "நீங்க சொன்னீங்கன்னு எல்லாம் புதுசுக்கு மாறிட்டமுங்க."

சுடுகாட்டில் அவர் மகன் எனக்கும் தட்டை நீட்டினார். அதில் ரேஷன் அரிசி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பிடி எடுத்து முனுசாமியின் வாயில் போட்டேன்.

அவர் நினைவாக வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு மணி கம்பு கூட இல்லை. கொண்டு வருகிறேன் என்று நான் சொன்ன சொல் மட்டும் இருக்கிறது.